ஆப்பராக்காரி தேவிப்ரியா

எருமப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆப்பரா பாடும் தேவிப்ரியாவின் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அலறுகிற பிள்ளையின் வீடு எது என்று கேட்டால் டீக்கடையில் நிற்கிற அத்தனை பேரும் ஒரே திசையில் கை நீட்டுவார்கள். இது தேவிப்ரியாவுக்கும் தெரியும். ஆடி மாதம் முழுக்க மரத்துக்கு மரம் குழாய் ஸ்பீக்கர் கட்டி, கோழி கூவும் முன்பே ஊரை எழுப்பி உட்கார வைக்கிறவர்கள் தன் பாட்டை அலறல் என்கிறார்களே என்ற எரிச்சல் அவளுக்கு இன்று வரை தீரவில்லை.

ஆப்பரா என்பது ஐரோப்பாக்காரர்களின் நாடகம். கதை முழுவதையும் பேசாமல் பாடியே நடிப்பார்கள். மைக் கிடையாது. முன்னால் ஒரு பெரிய வாத்தியக் குழு முழங்கிக்கொண்டிருக்க, அதையும் தாண்டிக் கடைசி வரிசையில் இருப்பவன் காதில் போய் விழ வேண்டும் குரல். இதை அவள் உறவுக்காரர்களுக்குப் பொறுமையாக விளக்கிய காலம் ஒன்று இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, "அப்ப சினிமால எப்பக் கண்ணு பாடுவ?" என்பார்கள். அதற்கப்புறம் விளக்குவதை விட்டுவிட்டாள்.

அப்பா அர்த்தநாரிக்கு முட்டைக்கோழிப் பண்ணை. ஒவ்வொரு கொட்டகையும் ரயில் வண்டி நீளம். இந்த முனையில் நின்றுகொண்டு அந்த முனையில் இருக்கிறவரைக் கூப்பிட மற்றவர்கள் செல்போனை எடுப்பார்கள். தேவிப்ரியா வாயைத் திறந்து கூப்பிடுவாள். ஆயிரக்கணக்கான கோழிகளின் இரைச்சலுக்கு மேலே அந்தக் குரல் தனியாக மிதந்து போகும். தொண்டை ஒரு நாளும் வலித்ததில்லை. அம்மா சென்னியம்மாளுக்கு இதில் பெருமை ஒன்றும் இல்லை. கோழி மிரண்டால் முட்டை குறையும் என்பது அவளுடைய கவலை. பாடுவதானால் மரவள்ளிக் காட்டுக்குப் போய்ப் பாடு என்று துரத்திவிட்டாள். ஆக, தேவிப்ரியாவின் முதல் ரசிகர்கள் மரவள்ளிக் குச்சிகள். பின்னால் வாய்த்த பல ரசிகர்களைவிட அவை எவ்வளவோ மேல் என்பாள் அவள். பாதியில் எழுந்து போகவில்லையே.

பிறகு நாமக்கல் பக்கத்தில் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம். அந்தப் பகுதியில் பண்ணைக்கும் பள்ளிக்கும் கட்டடத்தைப் பார்த்து வித்தியாசம் சொல்வது கஷ்டம். பண்ணையில் கொஞ்சம் காற்று வரும். கால அட்டவணையில் இசை வகுப்பு என்று ஒன்று இருந்தது, அதை இயற்பியல் ஆசிரியர் எடுத்துக்கொண்டார். அங்கே இருந்த வருடங்களில் அவள் வாயைத் திறந்ததெல்லாம் சூத்திரம் ஒப்பிக்கத்தான்.

சென்னையில் என்ஜினீயரிங் படிக்கும்போதுதான் விஷயம் தொடங்கியது. விடுதித் தோழி ஒருத்தி கிறிஸ்துமஸுக்குத் தேவாலயத்துக்குக் கூட்டிப்போனாள். கேக் கிடைக்கும் என்று போனவள், எல்லோரும் பாடும்போது தானும் சேர்ந்து பாடினாள். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாடகர் குழுவை நடத்துகிறவர் வெளியே வந்து, யார் அது என்று விசாரித்து, அடையாறில் மேற்கத்திய வாய்ப்பாட்டு சொல்லித்தரும் ஓர் அம்மாளிடம் அனுப்பிவைத்தார்.

அடையாறு அம்மாள் இளமையில் லண்டனில் ஓர் அமெச்சூர் குழுவில் சில வரிகள் பாடியவர். அந்தச் சில வரிகளை வைத்து மீதி ஆயுளை ஓட்டிக்கொண்டிருந்தார். வகுப்பில் பாதி நேரம் லண்டன் பனி பற்றிப் பேசுவார். அவரிடம் வந்த பெண்கள் எல்லோருமே சொப்ரானோ, அதாவது உச்சஸ்தாயிக் குரல். காரணம் எளிது. பிள்ளை கூரையைத் தொடுகிற மாதிரி மேலே போனால்தான் பெற்றோருக்குப் பாட்டு என்று படும். தேவிப்ரியாவின் குரல் கீழே கனமாக, கருப்பட்டிப் பாகு மாதிரி இருந்தது. அம்மாள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. மேலே, இன்னும் மேலே என்று பியானோவின் வலது கோடிக்கு விரட்டினார். தேர்வுக்கு மேல் தேர்வு எழுதவைத்தார். சான்றிதழ்கள் வந்துகொண்டே இருந்தன. தேவிப்ரியாவும் தான் சொப்ரானோ என்று நம்பினாள். மற்றப் பெண்களின் குரல் சிட்டுக்குருவி என்றும் தன்னுடையது கழுகு என்றும் நினைத்து, அவர்களை மனசுக்குள் கேவலமாகப் பார்த்துக்கொண்டு திரிந்தாள். அந்தத் திமிரில் தொண்டை எரிவதைக்கூடக் கவனிக்கவில்லை.

படிப்பு முடிந்த வருடம் ஜெர்மனியிலிருந்து ஒருவர் வந்தார். ஆப்பராப் பாடகர்களுக்குப் பியானோ வாசித்துப் பயிற்சி கொடுப்பது அவர் தொழில். அடையாறு வகுப்பிலேயே நாலைந்து நாள் பயிற்சிப் பட்டறை. தேவிப்ரியா ஒரு பாட்டின் முதல் பக்கத்தைத் தாண்டும் முன் கையைத் தூக்கி நிறுத்தினார். பாட வேண்டாம், உன் பெயரைச் சொல், ஊரைச் சொல் என்றார். சொன்னாள். அவர் பியானோவில் கீழ்ப்பக்கம் ஒரு கட்டையைத் தட்டி, அங்கே பாடச் சொன்னார். பாடினாள். உன்னைச் சொப்ரானோ என்று சொன்னது யார் என்று கேட்டார். அடையாறு அம்மாள் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேவிப்ரியா மெஸ்ஸோ. பெண்குரலில் நடுக்குரல். மேலே மேலே ஏற்றியதில் தொண்டை வீங்கியிருந்தது. மருத்துவர் பார்த்துவிட்டு, பல மாதம் பாடவே கூடாது, முதல் சில வாரம் பேசவும் கூடாது என்றார். அவள் கடைசியாக அடையாறுக்குப் போனபோது அந்த அம்மாள் சொன்னது இவ்வளவுதான்: அழுத்திப் பாடு என்று நான் எப்போது சொன்னேன்? பேசக் கூடாது என்ற மருத்துவர் கட்டளையைத் தேவிப்ரியா வாழ்க்கையில் வெறுத்தது அந்த ஒரு நிமிடம்தான்.

ஊருக்கு வந்து வாயை மூடிக்கொண்டு இருந்தாள். சென்னியம்மாளுக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. மகள் பேசாமல் இருக்கிறபோதே காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொன்னாள். பையன் பூபதி, திருச்செங்கோட்டுக்காரன், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டித் தொழில். ஆந்திரா, ஒடிசா என்று வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. வந்தவர்கள் என்ன கேட்டாலும் தேவிப்ரியா தலையை ஆட்டினாள். காபி கொடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் நின்றாள். மருத்துவர் சொன்னதைப் பற்றிச் சென்னியம்மாள் வந்தவர்களிடம் வாயே திறக்கவில்லை.

பூபதியின் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்பிடி அடக்கமான புள்ள இந்தக் காலத்துல எங்கீங்க கெடைக்குது?" என்றாள்.

ஒரு பெண்ணிடம் வாய் இல்லை என்பதே அவளுக்குப் பெரிய சீர்வரிசையாகப் பட்டதைத் தேவிப்ரியா பார்த்துக்கொண்டே நின்றாள். பூபதி ஒரு தடவை நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டு மறுபடியும் போனைப் பார்த்தான். எதற்குப் பேசவில்லை என்று அவனுக்கும் கேட்கத் தோன்றவில்லை. நிச்சயத்துக்குத் தேதி குறித்துவிட்டுப் போனார்கள். தேதி நெருங்குவதற்குள் மருத்துவர் பேசலாம் என்று அனுமதி கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் சொன்ன வாக்கியம், "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்ப்பா."

அர்த்தநாரி தீவன மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். "இதச் சொல்றதுக்குத்தான் இத்தன நாளா தொண்டையக் காப்பாத்தி வெச்சிருந்தயா கண்ணு?" என்றார்.

தங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று திருச்செங்கோட்டுக்காரர்கள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்கள். பேசுகிற பெண்ணைப் பேசாத பெண் என்று காட்டிவிட்டார்களாம்.

ஜெர்மனிக்கு அனுப்ப அப்பா ஒத்துக்கொண்டதற்கும் இசைக்கும் சம்பந்தம் இல்லை. கல்யாணம் நின்றுபோன பெண் வீட்டில் இருப்பதைவிட மேல்படிப்புக்கு வெளிநாடு போயிருக்கிறாள் என்பது சொல்லிக்கொள்ள வசதி. பட்டறை நடத்திய பியானோக்காரர் தன் ஊர் இசைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருந்தார். முதல் தடவை தள்ளினார்கள், அடுத்த தடவை எடுத்துக்கொண்டார்கள்.

அங்கே முதல் வருடம் அவளுக்குப் பாட்டே கிடைக்கவில்லை. தரையில் மல்லாந்து படுத்து மூச்சு விட்டாள். விலா எலும்பு விரிய வேண்டும், தோள் அசையக் கூடாது, தாடை தொங்க வேண்டும், நாக்கின் அடி இறுகக் கூடாது. ஒரே ஒரு ஸ்வரத்தை மெல்லத் தொடங்கி, பெருக்கி, மறுபடி மெல்லிசாக்கி முடிப்பதற்கு மாதக்கணக்கில் போராடினாள். இத்தாலியன், பிரெஞ்சு, ஜெர்மன் என்று எல்லா மொழியிலும் உச்சரிப்பு பிசகக் கூடாது. வாள்சண்டை கற்றாள். மாடிப்படியில் அடிபடாமல் உருளக் கற்றாள். ஆண்பிள்ளை மாதிரி நடக்கக் கற்றாள், ஏனென்றால் மெஸ்ஸோக்களுக்கு இளவட்டப் பையன் வேடம் நிறைய வரும். இதெல்லாம் அவளுக்குப் பிடித்திருந்தது. அடையாறு அம்மாள் வருடக்கணக்கில் செய்த கெடுதலை அவிழ்க்க இன்னும் அதிகக் காலம் பிடித்தது, அதுதான் பிடிக்கவில்லை.

கூடப் படித்தவர்களையும் பிடிக்கவில்லை. கோடையிலும் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு திரிந்தார்கள். ஜன்னல் திறந்தால் அலறினார்கள். பாலாடைக்கட்டி தின்றால் கபம், தக்காளி தின்றால் புளிப்பு என்று குரலை ஏதோ பச்சைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துச் சீராட்டினார்கள். கோழித் தூசியில் வளர்ந்த தொண்டைக்கு இது பெரிய வேடிக்கை. வேண்டுமென்றே அவர்கள் முன்னால் ஐஸ்கிரீம் தின்பாள்.

படிப்பு முடிந்து தொழிலுக்கு வந்தபோது வேடிக்கை குறைந்தது. குரல் தேர்வுக்கு ஊர் ஊராக ரயிலேறிப் போக வேண்டும். இருட்டு அரங்கில் மூன்று தலைகள் தெரியும். பாடலைத் தொடங்கி மூச்சு நிலைக்கு வருவதற்குள் "நன்றி" என்று ஒரு குரல் வரும். அந்த ஒரு சொல்லை அத்தனை விதமாக வெறுக்க முடியும் என்று அவள் நினைத்ததில்லை. வெளியே வந்தால் அதே வேடத்துக்கு அதே பாடலை அதே உடுப்பில் பாடக் காத்திருக்கும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைப்பார்கள். மனசுக்குள் ஒவ்வொருத்தியும் மற்றவளுக்கு ஜலதோஷம் பிடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருப்பாள். தேவிப்ரியாவும் வேண்டினாள், ஆனால் புன்னகைக்கவில்லை. அதனால் அவளுக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர்.

கிடைத்ததெல்லாம் துண்டு வேடங்கள். தட்டு ஏந்தும் வேலைக்காரி. நாயகிக்குப் பாலூட்டி வளர்த்த தாதி. முப்பதைத் தொடும் முன்பே தன்னைவிட மூத்த கதாநாயகனுக்கு அம்மாவாக நடித்தாள். அப்புறம் ஒரு நாள், இந்தியாவில் நடப்பதாக எந்தக் காலத்திலோ எழுதப்பட்ட ஓர் ஆப்பராவில் கோயில் பணிப்பெண் வேடத்துக்குக் குரல் தேர்வே இல்லாமல் கூப்பிட்டார்கள். முகத்தைப் பார்த்ததுமே தேர்வாகிவிட்டாள். இயக்குநர் நல்ல மனிதர். மிகுந்த மரியாதையோடு, உங்கள் ஊரில் பெண்கள் கோயிலுக்கு எப்படி நடந்து போவார்கள், செய்து காட்ட முடியுமா என்று கேட்டார்.

தேவிப்ரியா யோசித்தாள். அவளுக்குத் தெரிந்து கோயிலுக்குப் போகும் பெண் சென்னியம்மாள். ஸ்கூட்டரை நிறுத்தி, தேங்காய்ப் பையை அக்குளில் இடுக்கி, செருப்பை யார் கண்ணிலும் படாமல் எங்கே விடலாம் என்று நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு, போனில் தீவன வியாபாரியைத் திட்டிக்கொண்டே உள்ளே விடுவிடுவென்று போவாள். அதை அப்படியே மேடையில் செய்து காட்டினாள். பின்னால் கூட்டமாக நின்று பாடும் கோரஸ்காரர்கள் சிரித்தார்கள். இயக்குநர் நெற்றியைச் சுருக்கினார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இன்னும் கொஞ்சம் இந்தியத்தனமாக வேண்டும் என்றார். தண்ணீர்மேல் நடப்பது மாதிரி, விரல்களை இப்படி மலர்த்தி. அந்தப் பருவம் முழுக்க அவள் தண்ணீர்மேல் நடந்தாள். உள்ளூர்ப் பத்திரிகை அவளுடைய அசைவுகளில் கீழைநாட்டின் ஆன்மா தெரிவதாக எழுதியது. குரலைப் பற்றி ஒரு வரி இல்லை.

கோரஸில் நிரந்தர வேலைக்கு விண்ணப்பம் போட்டால் கிடைக்கும் என்று தோழிகள் சொன்னார்கள். கூட்டத்தில் ஒருத்தியாக நின்று பாட நான் எருமப்பட்டியிலிருந்து வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அப்போதுதான் கொரோனா வந்தது. அரங்குகள் எல்லாம் பூட்டின. ஒப்பந்தம் இல்லாமல் விசாவை நீட்டிக்க முடியாமல், கிடைத்த விமானத்தில் ஏறி ஊர் வந்து சேர்ந்தாள். அரங்குகள் மறுபடி திறந்தபோது, இளம் பாடகர்களை எடுத்து வளர்க்கும் திட்டங்களுக்கு அவள் வயது கடந்திருந்தது. பண்ணை வீட்டில் உட்கார்ந்து பழைய பாடங்களைப் பாடிப் பார்த்தாள். கோழி மிரள்கிறது என்று அம்மா மறுபடி தொடங்கினாள்.

அந்த நேரத்தில்தான் தனபால் வந்தார். ராசிபுரம் ரோட்டில் பெரிய உண்டு உறைவிடப் பள்ளியின் தாளாளர். நெய் வியாபாரத்தில் சம்பாதித்து, அதைவிட லாபமான தொழில் கல்வி என்று கண்டுகொண்டவர். சட்டைப் பையில் தன் பள்ளியின் முதல் மதிப்பெண் மாணவன் படம் போட்ட நாள்காட்டி அட்டை வைத்திருந்தார்.

"நீட்டுக்கு நம்மகிட்ட பேட்ச் இருக்குதுங்க மேடம். ஜேஇஇக்கு இருக்குது. ஆப்பராவுக்கும் ஒரு பேட்ச் போட்டுட்டம்னா இந்த ஜில்லாவுல நம்மள அடிச்சுக்க ஆளில்லீங்க" என்றார். ரிசல்ட் எத்தனை மாதத்தில் காட்டலாம் என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி.

பத்து வருடம் ஆகும் என்றாள் தேவிப்ரியா.

தனபால் சிரித்தார். "க்ராஷ் கோர்ஸ் மாதிரி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

இப்படிப்பட்ட ஆளிடம் ஏன் வேலைக்குப் போனாள் என்று பிற்பாடு அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள். பியானோ வாங்கித் தருகிறேன், தனி அறை தருகிறேன் என்றார். கதவைச் சாத்திக்கொண்டு யாருடைய முட்டையும் குறையாமல் பாட ஓர் இடம். அதுதான் ஆசை. பியானோ வரவில்லை. பொத்தானை அமுக்கினால் டிஸ்கோ தாளம் போடும் கீபோர்டு ஒன்று வந்தது. பள்ளி வாசலில் அவள் படத்தோடு பேனர் எழுந்தது. தமிழகத்திலேயே முதன்முறையாக, உலகப்புகழ் ஆப்பரா நட்சத்திரம் நேரடிப் பயிற்சி. பேனரில் அவள் முகத்தை நாலு சாயல் வெளுப்பாக்கியிருந்தார்கள்.

அவள் பிள்ளைகளைத் தரையில் படுக்கவைத்து மூச்சு விடச் சொன்னாள். கட்டிய பணத்துக்குப் பிள்ளைகள் படுத்துக் கிடக்கிறார்கள் என்று பெற்றோர் புகார் சொன்னார்கள். வாரத் தேர்வு வைத்து ரேங்க் போடுங்கள் என்றார் தனபால். மூச்சுக்கு எப்படி ரேங்க் போடுவது என்று அவள் கேட்டதற்கு, நூற்றுக்கு எவ்வளவு என்று போட்டால் போதும் என்று பதில் வந்தது. மூன்றாம் வாரம் மேல்வகுப்புப் பிள்ளைகளை மாதிரித் தேர்வுக்கு இழுத்துக்கொண்டார்கள். அப்புறம் கீழ்வகுப்பும் போனது. ஆப்பரா பேட்ச் என்பது வாசல் பேனரில் மட்டும் நடந்துகொண்டிருந்தது. அவள் ஒரு நாளும் இதற்குச் சண்டை போடவில்லை. இவர்களிடம் போய்ச் சண்டை போடுவதா என்று ஏளனமாக இருந்துவிட்டாள். சம்பளத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

ஆண்டுவிழா வந்தது. மைதானத்தில் அரங்கம் மாதிரி தெர்மோகோல் தூண்கள் நட்டு, மேலே ஆப்பரா நைட் என்று விளக்கில் எழுதியிருந்தார்கள். ஒலிபெருக்கி ராசிபுரம் சென்றாயன். கல்யாணம், காதுகுத்து, அம்மன் பண்டிகை என்று அந்த வட்டாரத்தில் அவர் செட்டுதான். மத்தியானம் ஒத்திகையில் தேவிப்ரியா சுவர் இல்லாத திறந்தவெளியில் குரல் கரைந்துபோகும் என்று சொல்லி, உள்ளே சாப்பாட்டுக் கூடத்தில் பாடுகிறேன் என்றாள். கூட்டம் கொள்ளாது என்று தனபால் மறுத்தார். சரி, மைக்கைத் தள்ளி வையுங்கள் என்று ஒத்துக்கொண்டு ஒரு பாடலைப் பாடிக் காட்டினாள். தனபால் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார்.

சாயங்காலம் மேடைப் படி ஏறும்போது அவள் காதருகே வந்து குனிந்தார். "நீங்க பாட வேண்டாமுங்க மேடம். யூடியூப்ல ஒண்ணு நல்லா எடுப்பா இருந்துச்சு, சென்றாயன்கிட்டக் குடுத்துட்டேன். நீங்க வாய மட்டும் அசைங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

அவள் பதில் சொல்வதற்குள் அறிவிப்பாளர் பெயரைச் சொல்லிவிட்டார். கைதட்டல். மேடையில் போய் நின்றாள். பாட்டு தொடங்கியது. எவளோ ஒரு சொப்ரானோ. உச்சத்தில், கண்ணாடி மாதிரி. அடையாறு அம்மாள் அவளை எங்கே ஏற்றப் பார்த்து முடியாமல் தொண்டையைக் கெடுத்தாரோ, அங்கே அந்தப் பெண் அலுங்காமல் உலாவிக்கொண்டிருந்தாள். தேவிப்ரியா நிமிர்ந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள். உதட்டை இறுக மூடிக்கொண்டாள். பாட்டு முடியும் வரை அப்படியே நின்றாள். நடுவில் மேடையோரம் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து நிதானமாகக் குடித்தாள். மூடியைத் திருகி, இருந்த இடத்தில் வைத்தாள். சொப்ரானோ ஒரு நொடிகூட நிற்காமல் பாடிக்கொண்டே இருந்தாள்.

இப்போது தெரிந்துவிடும் என்று நினைத்தாள். கூட்டம் சிரிக்கும், கத்தும், தனபால் எங்காவது ஓடி ஒளிவார். பாட்டு முடிந்தது. மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது மேடை வரை கேட்டது: "வாயே தெறக்காமப் பாடறாங்க பாரு. அதுதான் ஆப்பராவாம்."

தலைமை விருந்தினர் ஓய்வுபெற்ற அதிகாரி. மைக்கைப் பிடித்து, உதட்டை அசைக்காமல், தண்ணீர் குடித்துக்கொண்டே இப்படிப் பாடுவது மேல்நாட்டுப் பயிற்சியால் மட்டும் வராது, நம் முன்னோரின் மூச்சுக்கலை என்று பேசினார். வேதகாலம் வரை போனார். தனபால் பெருமையோடு கையைக் கூப்பிக்கொண்டிருந்தார்.

அவர் பேசி முடித்ததும் தேவிப்ரியா மேடை விளிம்புக்கு வந்து, மைக் இல்லாமல், தன் சொந்தக் குரலில் பாடினாள். மகனைப் பறிகொடுத்த தாயின் பாட்டு. நடுக்குரலில், கீழே, கனமாக. வருடக்கணக்காகப் பழகியதை எல்லாம் ஒன்றுசேர்த்துப் பாடினாள். இதைவிட நன்றாக அவள் அதுவரை பாடியதில்லை, அது அவளுக்கே தெரிந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. தலைமை விருந்தினர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். மைதானத்தின் பின்பாதிக்கு ஒன்றும் கேட்கவில்லை. எதுவோ கோளாறு என்று நினைத்து ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். தனபால் கை காட்ட, சென்றாயன் சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டார். அதற்கு மேலேயும் பாடிக் கடைசி ஸ்வரம் வரை முடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த சென்றாயனிடம் போய் நின்றாள். அவரையாவது நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று. அவர் முந்திக்கொண்டார். "மொதல்ல நாம போட்டதுதானுங்க நல்லா இருந்துச்சு" என்றார். குரலில் கிண்டல் ஒன்றும் இல்லை. உண்மையாகவே ஆறுதலாகத்தான் சொன்னார்.

அன்றோடு பள்ளிக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். பண்ணைக்கு வந்து சில நாள் யாரிடமும் பேசாமல் இருந்தாள். கோபம் தனபால்மேல் என்று அப்பா நினைத்தார். அது கொஞ்சம்தான். மேடையில் தான் நின்ற நிற்பை நினைத்து நினைத்துப் பார்த்தாள். உதட்டை மூடிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, எல்லோரையும் துச்சமாகப் பார்த்துக்கொண்டு. கூட்டத்தில் ஒருத்தியாக நிற்க மாட்டேன் என்று ஜெர்மனியில் சொன்னபோதும் இதே நிற்புத்தான். அங்கே கோரஸில் ஒருத்தி அரை ஸ்வரம் தப்பினால் குழு நடத்துகிறவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்ப்பார். யாருக்குத் தெரியப்போகிறது என்று அங்கே ஒருவன் சொல்ல முடியாது. இருட்டிலிருந்து வந்த அந்த "நன்றி"கூட, அவள் பாடியதைக் கேட்டவன் சொன்ன நன்றிதான்.

கோரஸ் வேலைகளுக்கு விண்ணப்பித்தாள். கிழக்கு ஜெர்மனியில், பெயரைச் சொன்னால் ஜெர்மன்காரர்களே எங்கே இருக்கிறது என்று கேட்கும் ஒரு சின்ன ஊரில் கூப்பிட்டார்கள். இருட்டில் மூன்று தலைகள் தெரிந்தன. இந்தத் தடவை பாடல் முடியும் வரை யாரும் நன்றி சொல்லவில்லை. கீழ்க்குரல் பெண்கள் வரிசையில் அவளுக்கு இடம் கொடுத்தார்கள். அந்த ஊரில் அரங்கம் அரசாங்கத்துடையது. வேலை நிரந்தரம், ஓய்வூதியம் உண்டு.

இது எருமப்பட்டிக்கு வந்து சேர்ந்தபோது சென்னியம்மாளுக்குக் கடைசியில் பாட்டு புரிந்தது. "என்ற புள்ளைக்கு ஜெர்மனில கெவர்மெண்டு வேலைங்க" என்று சொல்லிக்கொண்டு போனாள். அலறுகிற பிள்ளை என்று கை நீட்டியவர்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்தார்கள். என் மகனுக்கும் அந்த ஆபீஸில் டிரைவர், கிளார்க் ஏதாவது பார்க்கச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தேவிப்ரியாவிடம் இதைப் போனில் சொன்னபோது அவள் வெகுநேரம் சிரித்தாள். சென்னியம்மாளுக்கு என்ன சிரிப்பு என்று விளங்கவில்லை.

இப்போது அவளுக்குக் கோரஸோடு சின்ன வேடங்களும் வருகின்றன. பெரும்பாலும் கிழவிகள். குளிர் நாட்களில் மத்தியானமே இருட்டிவிடும் அந்த ஊரில் சைக்கிளில் அரங்கத்துக்குப் போகிறாள். கழுத்தில் துணி சுற்றிக்கொள்வதில்லை. கூடப் பாடும் பெண்களில் இருவரைத் தவிர யாரையும் அவளுக்குப் பிடிப்பதில்லை. அவர்களுக்கும் அவளைப் பிடிப்பதில்லை. ஆனால் மூச்சு எடுக்கும்போது எல்லோரும் ஒன்றாக எடுக்கிறார்கள்.

போன வாரம் அர்த்தநாரி போனில் பேசும்போது, இன்றைக்கு என்ன வேடம் என்று கேட்டார். காட்டுக்குள் குழந்தைகளைப் பிடித்துத் தின்னும் சூனியக்காரி, கோரஸ் இல்லை, தனி வேடம் என்றாள். "ஆவட்டும் கண்ணு" என்றார் அவர். பிறகு மக்காச்சோளம் விலை ஏறியதைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவள் ஒப்பனைக் கண்ணாடி முன்னால் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கேட்டபடியே, மூக்கின்மேல் சூனியக்காரியின் மருவை ஒட்டிக்கொண்டிருந்தாள்.